சூரிச்சிலிருந்து மஞ்சக்குடி வரை: குடிநோய் சிகிச்சை டெல்டாவுக்கு வந்த கதை

"நல்ல மனுஷன்தான் டாக்டர். குடிச்சாதான்..." என்று பாதியில் நிறுத்திவிடும் பெண்களை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வேலை பார்க்கும் எந்த மருத்துவரும் பார்த்திருப்பார். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுக்க ஏதாச்சும் மருந்து இருக்கா?"

அதுக்குப் பதில் இந்த இழையில் பின்னால் வருது. அதுக்கு முன்னாடி ஒரு வரலாறு. ஐரோப்பாவில் ஆரம்பிச்சு, அமெரிக்கா சுத்தி, சென்னை வழியா குடவாசல் பக்கத்து கிராமம் ஒன்றில் வந்து நிற்கிற வரலாறு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

ஆழ்மனம் என்றாலே முதலில் வருகிற பெயர் பிராய்டு. 1884-ல் அவர் இளம் மருத்துவர். கோகெயினைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய நண்பர் ஃபிளைஷல் என்பவர், கட்டைவிரல் வெட்டப்பட்ட வலிக்கு மார்ஃபின் எடுக்க ஆரம்பித்து அதிலேயே மாட்டிக்கொண்டவர். கோகெயின் கொடுத்தால் மார்ஃபினை விட்டுவிடுவார் என்று பிராய்டு நம்பினார். நண்பர் இரண்டிலும் மாட்டிக்கொண்டார். 1891-ல் இறந்தும் போனார்.

பிராய்டு கதையும் அப்படித்தான். 1923-ல் வாயில் புற்றுநோய். அதன் பிறகு 30-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். ஆனாலும் சுருட்டை விட முடியவில்லை. ஆழ்மனத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்த ஆள்! கேலிக்காகச் சொல்லல. "அறிவு இருந்தா விட்டுடலாமே" என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

அடுத்து யுங். பிராய்டின் சீடராக இருந்து பிரிந்து போனவர், சூரிச் மனநல மருத்துவர். அவரிடம் ரோலண்ட் ஹசார்ட் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் சிகிச்சைக்கு வந்தார். பணம், படிப்பு, குடும்பம் எல்லாம் உண்டு. குடியும் உண்டு. யுங்கிடம் உட்கார்ந்து தன் மனசை அலசினார். ஊர் திரும்பினார். மறுபடி குடித்தார். திரும்ப யுங்கிடமே வந்தார்.

அப்போது யுங் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். "இன்னும் நாலு மாசம் வாங்க, பார்க்கலாம்" என்று இழுக்கவில்லை. என் மருத்துவத்தால் இதற்கு மேல் முடியாது. உங்களை முழுசாகப் புரட்டிப் போடும் ஓர் ஆன்மிக அனுபவம் கிடைத்தால் ஒருவேளை பிழைக்கலாம் என்ற பொருளில் சொல்லி அனுப்பினார். தன் வைத்தியத்தின் எல்லையை நோயாளி முகத்துக்கு நேரே சொல்ல தைரியம் வேணும்.

ஹசார்ட் ஒரு கிறிஸ்தவக் குழுவில் சேர்ந்து தேறினார். எபி தாச்சர் என்ற இன்னொரு குடிநோயாளிக்குக் கை கொடுத்தார். 1934 நவம்பரில் எபி, நியூயார்க்கில் தன் பழைய குடி நண்பர் பில் வில்சன் வீட்டுக் கதவைத் தட்டினார். பில் அடுத்த மாதமே குடியை விட்டார். 1935-ல் ஓஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரில், குடியில் தத்தளித்த பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை நிபுணரைப் பில் சந்தித்தார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10-ஐத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏஏ, தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

26 வருஷம் கழித்து, 1961 ஜனவரியில், பில் யுங்குக்கு நன்றிக் கடிதம் எழுதினார். ஜனவரி 30 தேதியிட்டு பதில் வந்தது. அதே ஜூனில் யுங் காலமானார். குடிமேல் வரும் அந்த வெறித் தாகம், முழுமைக்காக மனிதன் கொள்ளும் ஆன்மிகத் தாகத்தின் கீழ்ப்படி வடிவம் என்பது அந்தப் பதிலின் சாரம். லத்தீனில் 'ஸ்பிரிட்டஸ்' என்ற ஒரே சொல் ஆன்மாவையும் சாராயத்தையும் குறிக்கிறது என்றும் சுட்டிக்காட்டினார். நம்ம தமிழை அவர் கேட்டிருக்கணும். பானையில் ஊறல் கொதித்து எழுவதும் ஆவி, உடம்பை விட்டுப் போவதும் ஆவி!

சரி, ஆன்மிகம் பேசாதவர்களுக்கு ஆழ்மன உளவியல் என்ன சொல்லுது? 1985-ல் எட்வர்ட் கான்ட்சியன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு கருத்தை முன்வைத்தார். போதைக்கு அடிமையானவர் சுகத்தைத் தேடிப் போவதைவிட, தாங்க முடியாத ஒன்றைத் தணிக்கவே போகிறார். தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொள்கிறார் என்றார். கோபம், அவமானம், வெறுமை, பேர் தெரியாத பதற்றம். அதுக்குக் கையில் கிடைத்த மருந்து பாட்டில்.

டெல்டாவில் இதை விளக்கவே தேவையில்லை. "உடம்பு வலிக்கு சார்" என்பார்கள். குறுவை அறுப்பு, சம்பா நடவு என்று நாள் முழுக்கச் சேற்றில் குனிந்த முதுகு வலிக்கத்தான் செய்யும். ஆனால் கொஞ்சம் பேச விட்டால், வலிக்குப் பின்னால் வேறு வலி வரும். தண்ணி வராத வருஷத்துக் கடன். செத்துப்போன பிள்ளை. ஊர் நடுவில் வாங்கிய ஓர் அவமானம். சின்ன வயசில் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்த ராத்திரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. காரணம் கண்டுபிடித்தால் குடி நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. ஹார்வர்டின் ஜார்ஜ் வைலன்ட், பல நூறு ஆண்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை வைத்து 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். சோகமான குழந்தைப் பருவம் மட்டுமே ஒருவரைக் குடிநோயாளி ஆக்கிவிடுவதில்லை. குடும்பத்தில் குடிநோய் இருந்ததா என்பது அதைவிட முக்கியம் என்பது அவர் கண்டது. பல சமயம் நாம் காரணம் என்று நினைக்கும் மனச்சோர்வே குடியின் விளைவாக இருக்கும். குடித்துக்கொண்டிருக்கும் மூளையுடன் ஆழ்மனம் பேச முடியாது. முதலில் குடி நிற்கணும். அப்புறம்தான் பேச்சு.

இப்போ நம்ம ஊர். 1949-ல் தஞ்சைப் பக்கம் பிறந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர் பிறக்கும்போது மதராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல், அவருக்கு 22 வயசில், மதுவிலக்கு தள்ளி வைக்கப்பட்டு கள்ளு, சாராயக் கடைகள் திறந்தன. 1973-74-ல் மூடினார்கள். 1981-ல் திறந்தார்கள். 1987 ஜனவரி 1-ல் கள்ளும் சாராயமும் மறுபடி தடை. கடை திறந்து மூடி, திறந்து மூடி, அவருக்கு 40 வயசு ஆகிறது. கடைக்கு இருந்த ஷட்டர் அவர் நோய்க்கு இல்லை. அது திறந்தே கிடந்தது.

மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு இந்த இழையை இழுக்காதீர்கள். நான் கேட்பது வேற: இத்தனை வருஷத்தில் அந்த 40 வயசுக்காரர் சிகிச்சைக்கு எங்கே போயிருப்பார்? ஆழ்மன உளவியல் நாட்டுக்குப் புதுசில்லை. கல்கத்தாவில் 1922-லேயே கிரீந்திரசேகர் போஸ் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கிவிட்டார். ஆனால் வாரத்துக்கு நாலஞ்சு நாள், வருஷக்கணக்கில் சோபாவில் படுத்துப் பேசும் வைத்தியம், தினக்கூலிக்கு நாற்று நடுபவருக்கு எட்டாது.

சென்னையில் டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979-ல், இளம் வயதிலேயே காலமானார். அவருக்கு அமெரிக்காவில்கூட சிகிச்சை பார்த்திருந்தார்கள். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் மினசோட்டாவின் ஹேசல்டனுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். ஏஏ-யின் வழிமுறைகளை மருத்துவம், ஆலோசனை, குழுப் பேச்சு ஆகியவற்றோடு சேர்த்த இடம் அது. திரும்பி வந்து 1980-ல் கணவர் பெயரிலேயே மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை தொடங்கினார். இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று பலருக்கும் தெரிந்த இடம். குடியால் கணவரை இழந்த பெண் வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார வேண்டும் என்று எதிர்பார்த்த காலத்தில், அவர் அந்த நோயின் பெயரைச் சொல்லிப் பலகை மாட்டினார். 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

1989-ல் அந்த மருத்துவமனை ஒரு காரியம் செய்தது. நோயாளி சென்னைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், அதுவே மஞ்சக்குடிக்குப் போனது. சுவாமி தயானந்த சரஸ்வதி பிறந்த ஊர். இன்று திருவாரூர் மாவட்டம். அன்று ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டம். ஊரிலேயே முகாம். 15 நாள் அளவில் தங்கிச் சிகிச்சை. முதலில் உடம்பிலிருந்து குடியை இறக்கும் மருத்துவம்; பிறகு நோயைப் பற்றிய வகுப்பு, குழுவாக உட்கார்ந்து பேசுவது, குடும்பத்தாருக்கும் ஆலோசனை; முகாம் முடிந்த பின் தொடர் கவனிப்பு. 'மஞ்சக்குடி அனுபவம்' என்று சாந்தி ரங்கநாதன் எழுதிய கட்டுரை 1994-ல் 'அடிக்ஷன்' என்ற சர்வதேச ஆய்விதழில் வந்தது. நம்ம ஊர்ப் பெயர் தலைப்பிலேயே இருக்கு!

இதில் செலவு குறைவு என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வேறு ஒன்று படுகிறது. குடிநோயின் உள்ளே இருக்கும் பெரிய விஷம் அவமானம். "குடிகாரப் பய" என்ற பேரை ஊர் கொடுக்கிறது. அந்தப் பேரைத் தாங்க முடியாமல் குடிக்கிறார். குடிப்பதால் பேர் உறுதியாகிறது. தூரத்து ஆஸ்பத்திரியில் ரகசியமாகச் சேர்த்து வைத்தியம் பார்த்தால், உடம்பு தேறும். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதே பேர் காத்திருக்கும். மஞ்சக்குடியில் சிகிச்சையே ஊருக்கு முன்னால் நடந்தது. இது நோய், வைத்தியம் உண்டு என்று ஊரும் சேர்ந்தே கற்றுக்கொண்டது. பேர் கொடுத்த ஊரே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வாய்ப்பு. யுங் ஹசார்டிடம் தன்னால் தர முடியாது என்று சொன்னதில் ஒரு பாதி இதுதான் என்பது என் எண்ணம்: தனியறையில் ஒரு மருத்துவரால் தர முடியாத மனுஷத் துணை.

இப்போ அந்த மருந்துக் கேள்வி. குடித்தால் வாந்தி, முகச் சிவப்பு, படபடப்பு வரவைக்கும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை இருக்கிறது. குடிநோய்க்கு 1948-லிருந்து பயன்படுது. நோயாளிக்குத் தெரிந்து, சம்மதித்து, பரிசோதனை செய்து கொடுத்தால் சிலருக்கு நல்ல உதவி. தெரியாமல் கலந்து, அவர் அன்றைக்கு ஒரு குவார்ட்டர் அடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். "மூலிகைப் பொடி, சாம்பார்ல கலந்துடுங்க" என்று விற்பதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. உயிர் தப்பினாலும் சோற்றின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். வேண்டாம்.

கோயிலில் கயிறு கட்டி, சத்தியம் செய்து நிறுத்துகிறவர்கள் நம்ம பக்கம் நிறையப் பேர். நான் அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். பத்துப் பேர் முன்னால் "நிறுத்திட்டேன்" என்று சொல்வதற்கு ஒரு பலம் இருக்கு. ஆனால் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். "சாமி குத்தம்" என்று வீட்டில் கட்டிப் போட்டு உயிர் போனால் அது வீண் சாவு. கயிறு கட்டுங்க, அதோடு ஆஸ்பத்திரிக்கும் வாங்க.

வந்தால் முதலில் தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி போடுவோம். நெல்லைப் புழுக்கினால் தவிட்டில் இருக்கும் பி1 உள்ளே இறங்கி அரிசியில் தங்கும். புழுங்கல் சோறு சாப்பிடும் நெற்களஞ்சியத்தில், சோற்றை விட்டுவிட்டு பாட்டிலில் வயிற்றை நிரப்பியவருக்கு அது தீர்ந்து போயிருக்கும். மூளை தாங்காது. சீக்கிரம் போடணும்.

அப்புறம் மறுபடி குடித்துவிட்டால்? பலர் ஒருமுறையாவது குடிப்பார்கள். சர்க்கரை ஏறினால் திட்டுகிறோமா? மருந்தை மாற்றிப் பார்க்கிறோம். அதே வாரம் கூட்டிட்டு வாங்க. "இதுக்கா இவ்ளோ செலவு பண்ணோம்" என்ற பேச்சை வீட்டு வாசலிலேயே விட்டுட்டு வாங்க.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. ஏஏ கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. பெயர்கூடச் சொல்ல வேண்டாம். முதலில் போனில் பேசணும் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். குடிக்கிறவர் பேச மறுத்தால், வீட்டில் இருக்கும் நீங்க பேசுங்க.