கோவை கிங்ஸுக்குக் கோவை கிடைத்த கதை

முதலில் ஒரு சின்னக் கேள்வி. கோவை கிங்ஸ் அணி ஆரம்பித்தது 2016-ல். அந்த அணி கோவை மண்ணில் முதல் மேட்ச் ஆடியது எந்த வருடம்?

2022. ஆறு வருடம் ஊர்ப் பெயரைச் சுமந்த அணியை அந்த ஊர்க்காரர்கள் டிவியில்தான் பார்த்தார்கள்! தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் (டிஎன்பிஎல்) ஆரம்ப வருடங்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும்.

அதற்கு முன்னால்

தமிழ்நாட்டில் கிரிக்கெட் லீக் புதிது இல்லை. சென்னை லீக் 1932-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அது சென்னை லீக். சேலத்திலோ ஈரோட்டிலோ பிறந்த பையன் தேர்வாளர் கண்ணில் பட வேண்டும் என்றால் ரயிலேறி சென்னைக்குப் போய், கீழ் டிவிஷன் கிளப் ஒன்றில் இடம் பிடித்து, படிப்படியாக மேலே வர வேண்டும். வீட்டில் வசதி இல்லாதவனுக்கு முதல் படியே உயரம்.

2015 ஜூலையில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு இரண்டு வருடத் தடை வந்தது. 2016, 2017 ஐபிஎல்லில் சென்னை அணியே கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் டிஎன்பிஎல் பிறந்தது. எட்டு அணிகள் ஏலம் போயின. 2016 ஆகஸ்ட் 24 அன்று சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம்.

பெயர் ஒரு ஊர், ஆட்டம் வேறு ஊர்

முதல் சீசன் நடந்தது மூன்றே இடங்களில்: சேப்பாக்கம், திண்டுக்கல் பக்கம் நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானம், திருநெல்வேலி சங்கர் நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம். வேடிக்கை என்னவென்றால் நெல்லையில் மைதானம் இருந்தது, அணி இல்லை. கோவைக்கு அணி இருந்தது, மைதானம் இல்லை. முதல் கோப்பையை ஜெயித்தது தூத்துக்குடியின் பெயரில் இருந்த டூட்டி பேட்ரியாட்ஸ். இறுதி ஆட்டத்தில் சேப்பாக் சூப்பர் கில்லீஸை 122 ரன் வித்தியாசத்தில் நசுக்கினார்கள், அதுவும் சேப்பாக்கத்திலேயே. தூத்துக்குடிக்காரர்கள் கொண்டாட வேண்டும் என்றால் நெல்லைக்கோ சென்னைக்கோ போக வேண்டும்.

பி.காம். பாடத்தில் 'குட்வில்' என்று ஒன்று படிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சொத்துக் கணக்கில் வரும். இந்த அணிகள் ஊர்களின் குட்வில்லைக் கடன் வாங்கித்தான் கடை திறந்தன. கடனைத் திருப்பித் தரப் பல வருடம் ஆனது.

அமெரிக்காவில் ஒரு அண்ணன்

இதே மாதிரி ஒரு கதை அமெரிக்காவில் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரையில் கேப் காட் பேஸ்பால் லீக். 1923-ல் நான்கு சிற்றூர்கள் சேர்ந்து நடத்திய லீக் அது. பணத் தட்டுப்பாட்டில் 1940-க்கு முன்பின்னாகப் படுத்து, போருக்குப் பிறகு 1946-ல் எழுந்தது. 1963-லிருந்து கல்லூரி மாணவர்களுக்கான கோடை லீக். பசங்க அந்த ஊர்க்காரர்கள் வீட்டிலேயே தங்கி விளையாடுவார்கள். பார்க்க டிக்கெட் கிடையாது. பெரிய அணிகளின் ஆட்கள் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஊர் முதலில் வந்தது, புகழ் பின்னால் வந்தது. நம்மிடம் தலைகீழ்.

அப்படியென்றால் முதல் வருடங்கள் வீணா?

இல்லை. முதல் சீசனில் வெளிமாநில வீரர்களைச் சேர்க்க நினைத்தார்கள், பிசிசிஐ மறுத்துவிட்டது. அன்றைக்கு அது பெரிய அடி. ஆனால் அதனாலேயே எட்டு அணிகளையும் தமிழ்நாட்டுப் பையன்களை வைத்தே நிரப்ப வேண்டியதாயிற்று. மறுப்புதான் வரம் ஆனது என்பேன்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனைப் பாருங்கள். 2015-ல் ரஞ்சியில் அறிமுகமானவுடனே பந்துவீச்சு முறை சரியில்லை என்று புகார். மாற்றிக்கொண்டு திரும்பி வந்தவர் 2016 டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் டிராகன்ஸுக்காக சூப்பர் ஓவரில் யார்க்கர் யார்க்கராகப் போட்டார். டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த வருடமே ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி! 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார்.

கட்டடக்கலை படித்த வருண் சக்கரவர்த்தி 2018-ல் மதுரைக்கு ஆடினார். அந்த வருடக் கடைசியில் ஏலத்தில் 8.4 கோடி. 2021-ல் கோவை கிங்ஸுக்கு 8 ஆட்டத்தில் 358 ரன் எடுத்த சாய் சுதர்சனை குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023-ல் டிஎன்பிஎல்லில் முதல்முறை வீரர்கள் ஏலம் நடந்தபோது கோவை அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம். ஐபிஎல் சம்பளத்தைவிட உள்ளூர் சம்பளம் அதிகம்! இத்தனைக்கும் அவர் சென்னைப் பையன்.

எல்லாம் இனிப்பு இல்லை. சில வீரர்களைச் சூதாட்டத் தரகர்கள் அணுகியதாக 2019-ல் பிசிசிஐயின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது. சின்ன ஊர்ப் பையனைத் தேடி கேமரா வந்தால் கூடவே மற்றவர்களும் வருவார்கள் என்ற பாடம் அப்போதே கிடைத்தது.

மேற்கே திரும்பிய காற்று

2020-க்குப் பிறகு அணிகள் இடம் மாறின. டூட்டி பேட்ரியாட்ஸ் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. சேலம் வாழப்பாடியில் புது மைதானம் வந்தது. 2022-ல் கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்துக்கு லீக் வந்தது, இறுதி ஆட்டமும் அங்கேயே. மழை கெடுத்ததால் கோவையும் சேப்பாக்கமும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. 2023-ல் நெல்லையை 104 ரன்னில் வென்று கோவை முழுக் கோப்பையையும் தூக்கியது. 2025-ல் திருப்பூர்.

கோப்பை எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. 2023 ஜூனில் நடராஜன் தன் சின்னப்பம்பட்டியிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் திறந்தார். லீக் ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு போனது. லீக்கில் ஆடிய ஒருவர் ஊருக்கு மைதானத்தைக் கொண்டுவந்தார். கேப் காட்காரர்கள் முதலிலேயே செய்த வேலை அதுதான்: ஆட்டத்தை ஊருக்குள் வைப்பது.

உங்கள் ஊரில் புல் மைதானம் இருக்கிறதா, இல்லை இன்னும் தென்னந்தோப்பு ஓரமாக டென்னிஸ் பந்துதானா? சொல்லுங்கள், பேசுவோம்.