இசை விழாக்களும் நமது மலைநாடும்

ஒரு சமூகத்தின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அதன் சட்டங்களைப் படித்தால் மட்டும் போதாது. அதன் விழாக்களையும் நோக்குதல் வேண்டும். யாரை மேடையில் இருத்துகின்றனர், யாரை முன்வரிசையில் அமர்த்துகின்றனர், யாரை வாயிலுக்கு அப்பால் நிறுத்துகின்றனர் என்பவற்றைக் கண்டால் அச்சமூகத்தின் நிறையும் குறையும் புலப்படும். ஆகவே தமிழர் இசை விழாக்கள் சிலவற்றை எடுத்து, பாடுவோர் யார், பாடுமிடம் எது, கேட்போர் நிலை யாது என்னும் மூன்று கேள்விகளால் ஒப்பிட்டு நோக்க முற்படுகின்றோம். சங்கீதத்தில் நமக்குப் புலமை இல்லை. கேள்வி ஞானம் மட்டுமே உண்டு. மிஷன் பாடசாலையில் பயின்று, இன்று பல்கலைக்கழகப் படியேறியிருக்கும் நாவலப்பிட்டி மாணவர் என்ற அளவிலேயே எழுதுகின்றோம். பெரியோர் பிழை பொறுப்பாராக.

புகாரும் தஞ்சையும்

இந்திர விழா புகார் நகரிலே இருபத்தெட்டு நாள் நடந்தது என மணிமேகலை கூறும். சிலப்பதிகாரமோ மாதவி ஏறிய அரங்கின் அளவையே நமக்குத் தந்துள்ளது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், தூண்களின் நிழல் ஆடுவோர்மீது விழாதவாறு விளக்கு, மூவகைத் திரைச்சீலை. மின்விளக்கும் ஒலிபெருக்கியும் இல்லாத அக்காலத்திலே, காண்போர் கண்ணுக்கு இடையூறு நேரலாகாது என்று கருதிய பெருந்தன்மை வியக்கத்தக்கது.

இராசராச சோழன் 1010-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டி முடித்தான். திருப்பதிகம் விண்ணப்பஞ் செய்ய அவன் நியமித்தோர் 48 பேர். உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கப்பட்டது. இதனை அக்கோவிற் கல்வெட்டே சொல்கின்றது. பாடியவருக்கும் உடுக்கை வாசித்தவருக்கும் ஒரே அளவு நெல் என்பதை வாசகர்கள் நினைவில் இருத்துவார்களாக. இதற்கு நாம் மீண்டும் வருவோம்.

திருவையாறு

தியாகராஜ சுவாமிகள் 1847-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் சித்தியடைந்தார். காவிரிக் கரையில் அவரது சமாதியிலே நடைபெறும் ஆராதனை இன்று உலகறிந்தது. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அவ்விழா பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டாகப் பிளவுபட்டிருந்தது. கட்சிகள் இரண்டாயினும் ஒன்றில் மட்டும் ஒற்றுமை இருந்தது: பெண்கள் அங்கே பாடலாகாது!

பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசி மரபிற் பிறந்தவர். 1920-களிலே தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுச் சமாதிக்குக் கோவில் எழுப்பினார். கோவில் கட்டியவருக்கே அங்கு பாட இடமில்லை. அவர் சினந்து விலகிச் சென்றாரல்லர். பெண்களைத் திரட்டித் தனியாக ஓர் ஆராதனையைத் தொடங்கினார். மூன்று கட்சிகளும் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒன்றாயின. பஞ்சரத்தின கிருதிகள் ஐந்தையும் வித்துவான்கள் யாவரும் கூடியமர்ந்து பாடும் வழக்கமும் அதன்பின்னரே நிலைபெற்றது. 1952-இல் மறைந்த அந்த அம்மையாரின் சிலை இன்று சுவாமிகளின் சந்நிதியை நோக்கி அமைந்துள்ளது.

இவ்விழாவை நாம் நேரிற் கண்டதில்லை. வானொலியிற் கேட்டும், இந்நாளிற் கைப்பேசித் திரையிற் கண்டும் அறிந்தோம். பந்தலின் கீழ்த் தரையில் அமர்ந்து, பேர்பெற்றவரும் பெறாதவரும் ஒரே குரலாய்ப் பாடும்போது, நமது பாடசாலையில் நத்தார்க் கீதங்களைப் பாட மண்டபமே எழுந்து நின்ற மாலைகள் நினைவுக்கு வரும். பாடுவோர் வேறு, கேட்போர் வேறு என்ற கோடு அங்கே அழிந்துபோகின்றது.

சென்னையின் மார்கழி

சென்னை விழா வேறொரு வகை. 1927 டிசம்பரில் அங்கு கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. பந்தல்களிலும் பிற மண்டபங்களிலும் கச்சேரி நடத்திவந்த அச்சபைக்கு 1962-இலே சொந்த அரங்கு வாய்த்தது. காலையில் ஆராய்ச்சி உரை, பிற்பகலில் இளைஞர், இரவில் முதுபெரும் வித்துவான் என்று நிகழ்ச்சிகள் வகுக்கப்பட்டன. அனுமதிச் சீட்டு, எண்ணிட்ட நாற்காலி, இடைவேளையில் சிற்றுண்டிச் சாலை என்பன கேட்போரின் அனுபவமாயின. இரவெல்லாம் தேரோடு நடந்து நாகசுரம் கேட்ட மக்கள், இரண்டரை மணி நேரக் கச்சேரிக்குக் கடிகாரம் பார்த்து வந்தமர்ந்தனர். ஒழுங்கு வந்தது, நுணுக்கமாகக் கேட்கும் பழக்கமும் வந்தது. அதே வேளையில், சீட்டு வாங்க இயலாதவன் தெருவில் நின்றான்.

அங்கும் வாயில்கள் மெல்லவே திறந்தன. மிருதங்கம் வாசிப்போருள் முதன்முதலாகச் சங்கீத கலாநிதி ஆனவர் பாலக்காடு மணி ஐயர், ஆண்டு 1966. பெண்களுள் முதல்வர் எம். எஸ். சுப்புலட்சுமி, ஆண்டு 1968. சபை தோன்றி நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது. தமிழ்ப் பாட்டுக்குக்கூடத் தமிழ்நாட்டிலே தனியியக்கம் வேண்டியிருந்தது. கச்சேரியின் பெரும்பகுதியைப் பிறமொழிப் பாடல்களே நிரப்ப, இறுதியில் துக்கடாவாகவே தமிழ் ஒலித்தது. இக்குறையைப் போக்க ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முயன்றதன் விளைவே 1943-இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கம். 2015-இலே சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் வாழும் தெருவில், கருநாடக இசையும் பறையும் அடுத்தடுத்து ஒலிக்க ஒரு விழா எடுத்தனர். அங்கே சீட்டும் இல்லை, முன்வரிசை உரிமையும் இல்லை.

கண்டியும் தோட்டங்களும்

நமக்கு அண்மையிலுள்ள கண்டியைப் பார்ப்போம். எசல பெரகரா சமய விழாவேயாயினும், செவிக்கு அது ஒரு மாபெரும் இசைவிழா. தலதா மாளிகையைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் வருகின்றன. கெட்டபெர, தவுல, தம்மெட்டம, ஹொரணேவ முதலிய வாத்தியங்கள் வீதியை நிறைக்கின்றன. மழையோ வெயிலோ, நண்பகலிலிருந்து நடைபாதையில் இடம்பிடித்துக் காத்திருக்கும் மக்களே சபையோர். முழவு இல்லாமல் அவ்விழாவில் ஓரடியும் நகர்வதில்லை.

நமது மலைநாட்டின் முழவு எது? தப்பு. நாவலப்பிட்டிக்குப் புகைவண்டி வந்தது 1874-இல். அதற்கு முன்னரே கால்நடையாக வந்த நம் முன்னோர், கோப்பிக் காட்டுக்கும் பின்னர் தேயிலைக்கும் உழைக்க வந்தபோது, சட்டியும் பாயும்போலத் தம் தப்பையும் உடுக்கையும் பாட்டையும் கூடவே கொணர்ந்தனர். விடியலில் பிரட்டுக்கு ஆள் எழுப்பியது தப்பு. கலியாணத்தில் ஒலித்தது தப்பு. சாவிலே வழியனுப்பியதும் தப்பு. மாசி மாதத்தில் மன்மதன் எரிந்து மீள்வதையும் இரதி புலம்புவதையும் ஆடிக்காட்டும் காமன் கூத்து அதன் அடியிலேதான் நடக்கின்றது. லயத்து மக்கள் பாடிய பாட்டுகளைச் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) திரட்டி நூலாக்காதிருந்தால் அவற்றுட் பல காற்றோடு போயிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நமதூருக்கு அண்மையான தோட்டமொன்றில் காமன் கூத்தை விடியும்வரை இருந்து பார்த்தோம். மேடை இல்லை, லயத்து வாசலே அரங்கு. ஈரத்தரையில் சாக்கு விரித்து அமர்ந்தோம். பனியில் தோல் தளர்ந்தபோதெல்லாம் முதியவர் ஒருவர் வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். விரலால் தட்டிச் சுருதி பார்த்தார். மீண்டும் தோளில் மாட்டினார். மேடையிலே தம்புரா மீட்டிச் சுருதி கூட்டும் வித்துவானின் கவனத்துக்கு அது சிறிதும் குறைந்ததன்று. கூட்டத்திலிருந்த பாட்டிமார் இரதியின் புலம்பலை உடன் பாடினர். திருவையாற்றிலே கண்டது நம் வாசலிலேயே இருந்தது!

அதே ஆண்டில் வேறோரிடத்துக் கோவில் விழாவையும் கண்டோம். சுவாமி ஊர்வலத்தை மலையேற்றி இறக்கிய தப்புக் கலைஞர்கள் வாயிலோடு நின்றுவிட்டனர். உள்ளே, வெளியூரிலிருந்து வந்த இசைக்குழுவினருக்கு மாலையும் பொன்னாடையும் போர்த்தினர். அழைப்பிதழில் இசைக்குழுவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. தப்படித்தவர் பெயர் எங்கும் இல்லை. அம்முதியவரின் மகனை நாம் அறிவோம். "படித்தவன் தப்பு எடுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று அவன் கேட்கின்றான். அவனிடம் கோபங் கொள்ள நமக்கு வாய் இல்லை. தப்பைக் கண்டு முகஞ்சுளித்தவர்களுள் நாமும் ஒருவராய் இருந்தோமல்லவா?

செய்யத்தக்கது

"தப்பு சாவுக்குரியது, மேடைக்கு ஆகாது" என்று பெரியோர் சிலர் கூறக்கூடும். அவர்கள்பால் நமக்கு மதிப்புண்டு. ஆயின் வரலாறு யாது கூறுகின்றது? பெண் பாடலாகாது என்றார்கள். இன்று பெண் குரலின்றித் திருவையாறு இல்லை. தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசிக்கே ஏற்றதென்றார்கள், அதுவும் மாறியது. ஒவ்வொரு முறையும் வாயில் திறந்தபின் விழா தாழ்ந்ததில்லை, வளர்ந்தே வந்திருக்கின்றது. மேலும், உடுக்கை வாசித்தவனுக்கும் பதிகம் பாடினவனுக்கும் ஒரே முக்குறுணி நெல் அளந்த இராசராசனைவிட நாம் ஆசாரத்தில் உயர்ந்தவர்களா?

ஆதலின் நமது சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். அடுத்த ஆண்டு விழாவில் ஓர் இரவைக் காமன் கூத்துக்கும் தப்புக்கும் ஒதுக்குவோம். கலைஞர் பெயர்களை அழைப்பிதழில் அச்சிடுவோம். பாட்டு வித்துவானுக்கு இடும் அதே மாலையை, அதே மேடையில் வைத்து, தப்பு வித்துவானுக்கும் இடுவோம். முன்வரிசையில் அவர் மனைவி மக்களை அமர்த்துவோம். கற்க விரும்பும் வாலிபருக்கு வாரம் ஒரு நாள் அவரையே ஆசிரியராக்குவோம். முதல் மாணவராகச் சேர நாமே பெயர் தருகின்றோம். அம்முதியவருக்கு வயது ஏறிக்கொண்டிருக்கின்றது; காலந் தாழ்த்தலாகாது.

வாலிபர்காள், முன்வாருங்கள்! பெரியோரே, ஆசி கூறுங்கள்!