கடை இல்லை, பள்ளிக்கூடம்



காந்தி மார்க்கெட்டில் மண்டி வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர், வீட்டுப் பரணில் கிடைத்த படத்தை அனுப்பி, "சார், இது கொள்ளுத்தாத்தா கடையா?" என்று கேட்டார். ஓட்டுத் திண்ணை, மரத்தூண், உட்கார்ந்திருக்கும் பையன்கள். "கடைதான்ப்பா" என்று சொல்லிவிட்டேன்.

இரவு பெரிதாக்கிப் பார்த்தேன். பையன்கள் முன்னால் தரையில் மணல். உத்தரத்தில் தொங்கியது ஓலைச்சுவடிக் கட்டு. அது திண்ணைப் பள்ளிக்கூடம்!

அவற்றுக்குத் தனிக் கட்டடமோ பெயர்ப்பலகையோ பெரும்பாலும் கிடையாது. அதனால் படத்தில் தரையையும் கைகளையும் பாருங்கள். மணலில் விரல் என்றால் புதுப் பிள்ளை. ஓலையும் எழுத்தாணியும் என்றால் முன்னேறிய பிள்ளை. நடுவே நிற்கும் மூத்த பையன் அநேகமாகச் சட்டாம்பிள்ளை.

1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் தொகுத்த கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 பேர். சென்னையில் இந்த மணல் எழுத்தைப் பார்த்த ஆண்ட்ரூ பெல், அதை இங்கிலாந்துக்கே கொண்டுபோனார்.

காலையில் மாணவருக்குப் போன் செய்து தவறைச் சொன்னேன். "நான் மூட்டை அடுக்குற இடத்துலயா சார் பாடம் நடந்துச்சு?" என்றார். குரல் தழுதழுத்தது.

உங்கள் வீட்டுப் படங்களையும் எடுத்துப் பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.