நெருப்பில்லா உலை

கராடிவாழ் தமிழன்பர்களுக்கு, முளா-முட்டா ஆற்றின் மறுகரையிலுள்ள முண்ட்வா புதிய ஊரன்று. 1961-இல் நிறுவப்பெற்ற பாரத் ஃபோர்ஜ் என்னும் இரும்படிப்பு ஆலை அங்குளது. இரும்பை அடிக்கும் முன் ஏறத்தாழ 1,200 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சுதல் வேண்டும். அதற்கு நெருப்பில்லா உலையும் உண்டென்பது, ரயில்வேயில் கணக்கெழுதும் நமக்கு வியப்பளித்தது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1831-இல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டறிந்தார். செப்புச் சுருளில் மாறுமின்னோட்டம் பாயுங்கால், அதனுள் வைத்த இரும்பில் சுழல் மின்னோட்டம் எழுந்து இரும்பு தானே பழுக்கிறது. 1916-இல் அமெரிக்க அறிஞர் நார்த்ரப் உயர் அதிர்வெண் உலையை அமைத்தார். பின்னர் மோட்டாரால் சுழலும் ஜெனரேட்டர்கள் ஆலைகளுக்கு இம்மின்சாரத்தை அளித்தன. 1957-இல் தைரிஸ்டர் தோன்றியது. சுழலும் பொறிகள் படிப்படியாக விடைபெற்றன.

பழுதுபார்க்கும் கலையும் உடன் மாறிற்று. சுழலும் பொறியின் தேய்மானத்தைக் காதே உணர்த்தும். தைரிஸ்டரோ ஓசையின்றி மடியும். மடிந்ததை மாற்றிவிட்டால் போதுமோ? போதாது. குளிர்நீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைத்திருப்பின், புதியதும் விரைவில் மடியும். ஆதலின் நீரோட்டம், சுருளின் காப்பு, மின்தேக்கிகள் ஆகியவற்றை முதற்கண் ஆராய்தல் வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். அதனை முறைப்படி இறக்கி, அளந்து பாராமல் கைவைப்போர் உயிரிழக்கவும் கூடும்.

மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த நெறியே இதற்கும் பொருந்தும். காரணம் காணாத கைத்திறன் பொருளை வீணாக்கும்; பொறுமையற்ற கைத்திறன் உயிரையே வாங்கும். ஆலைகளில் பணிபுரியும் நம் இளைஞர்கள் இதனை மறவாதிருப்பாராக!