ராயபுரத்துக் கரித்தூசியும் எண்ணூர் சாம்பலும்

1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. மீஞ்சூர் பக்கம் எங்க பம்புசெட்டும் அதில்தான் ஓடுது. பில் வராததால் அந்தக் கரண்டுக்கு விலையே இல்லைன்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க. விலை உண்டு. வேற ஆள் கட்டுறான், அவ்வளவுதான்.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்தது. 450 மெகாவாட். 2017-ல் மூடினார்கள். அதற்குள் 1990-களில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது, 2012-க்குப் பிறகு வல்லூரில் 1500 மெகாவாட். நம்ம நாட்டு நிலக்கரி நூறு மூட்டை எரிச்சா முப்பது, நாற்பது மூட்டை சாம்பல்தான் மிஞ்சும். நெல்லில் இவ்வளவு பதர் இருந்தா வியாபாரி களத்துப் பக்கமே வரமாட்டான்! அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியா செப்பாக்கம் சாம்பல் குட்டைக்கு அனுப்புறாங்க. குழாய் உடைஞ்சு உடைஞ்சு கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிஞ்சுது. இறாலை நம்பிப் பிழைச்ச காட்டுக்குப்பத்துக்காரங்க வலையில் சேறுதான் வந்தது. இந்தச் சாம்பலுக்கு மின்வாரியமே பொறுப்புன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் சொன்னது.

அந்தப் பக்கம் ராயபுரத்தின் கதை வேற. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கின காலத்தில் அங்கே காயப்போட்ட துணி, மூடாத குடம் எல்லாத்திலும் கறுப்புத் தூசி. 2011-ல் உயர்நீதிமன்றம் தடை போட்டது. ராயபுரம் மூச்சு விட்டது. கரி எங்கே போச்சு? வடக்கே எண்ணூர் துறைமுகத்துக்கு. தீர்ப்பு சரியானதுதான். ஆனா ஒரு ஊர் மூச்சுவிட இன்னொரு ஊர் இரும வேண்டியதாச்சு.

கண்ணுக்குத் தெரியிற தூசியைவிடத் தெரியாததுதான் மோசம். புகைக்கூண்டிலிருந்து வர்ற கந்தக வாயு காற்றில் நுண்துகளா மாறி நுரையீரலுக்குள்ளே இறங்கும், அங்கிருந்து ரத்தத்துக்குப் போகும். ஆஸ்துமா மட்டும் இல்லை, மாரடைப்பு, பக்கவாதம் வரைக்கும் அதில் சேரும். லண்டனில் 1952 டிசம்பரில் அஞ்சு நாள் கரிப்புகை மூடி ஆயிரக்கணக்கில் செத்தாங்க. நாலே வருஷத்தில் சட்டம் வந்தது. இங்கே கந்தகத்தைக் குறைக்க 2015 டிசம்பரில் விதி போட்டு 2017-க்குள் முடிக்கணும்னாங்க. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துட்டாங்க. பெருநகரத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறதுக்குத்தான் இன்னும் கட்டாயம்.

ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு அடக்கம்னு கணக்கு போடுறப்ப நிலக்கரி விலை, கப்பல் வாடகை எல்லாம் சேர்க்கிறாங்க. எண்ணூர்க்காரன் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போற பஸ் காசு அதில் இல்லை. கூலியை விட்டுட்டு வரிசையில் நிக்கிற நாளும் இல்லை. இப்போ மூடின எண்ணூர் நிலையத்து இடத்திலேயே 660 மெகாவாட்டுக்குத் திட்டம் வெச்சிருக்காங்க.