வேடத்தை வெறுத்த வீரர்

புகழ் தந்த வேடமே கலைஞனின் உள்ளத்தில் புண்ணாவதும் உண்டு. பால் ராப்சனை எண்ணிப் பார்க்கிறோம் நாம். அடிமைத் தளையை அறுத்துத் தப்பியவரின் மகன். கருப்பின மக்களின் கம்பீரக் குரல்!

1935-இல் வெளிவந்த 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்' படத்தில், போசாம்போ என்னும் ஆப்பிரிக்கத் தலைவனாக நடித்தார். ஆப்பிரிக்கப் பண்பாட்டின் பெருமையைத் திரை பேசும் என்று நம்பினார். முடிந்து வந்த படமோ, வெள்ளையர் ஆட்சிக்கு வாழ்த்துப் பாடிற்று! போசாம்போ, வெள்ளை அதிகாரிக்குப் பணியும் விசுவாசியானான். படம் வெற்றி பெற்றது. ராப்சன் நெஞ்சம் நொந்தது. படத்தை வெளிப்படையாகவே கண்டித்தார்.

1942-இல் 'டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்' படமும் தம் மக்களை இழிவாய்க் காட்டக் கண்டு, ஹாலிவுட்டையே துறந்தார்.

கைதட்டலில் மயங்குவோர் பலர். அவ்வொலி எவரைத் தாழ்த்தி எழுகிறது என்று கேட்டவர் ராப்சன். அக்கேள்வியே அவர் நமக்கு விட்டுச் சென்ற செல்வம்.