பழைய காரின் வெள்ளிக் கோடு

பழைய கார் வைத்திருப்பவர்களிடம், "எது கிடைப்பதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். எஞ்ஜின் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிஸ்டன், ரிங், கார்ப்பரேட்டர் எல்லாம் புதுப்பேட்டையில் எங்காவது அகப்பட்டுவிடும். அகப்படாததை லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காதது முன்பக்கத்துக் கிரில்லும், கதவுகளின் மேல் நீளமாக ஓடும் அந்த மெல்லிய வெள்ளிக் கோடும்தான். பட்டறைக்காரர்கள் அதை 'பீடிங்' என்பார்கள். கார் ஓடுவதற்கு அது தேவையில்லை. ஆனால் அது இல்லாத கார், கரையில்லாத வேட்டி மாதிரி இருக்கும்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் நந்தனத்துக்குக் குடிவந்தபோது எங்கள் தெருவில் கார் வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்தவையும் மூன்றே வகை: அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவற்றில் ஒன்றிரண்டு இன்னும் பேரன்மார் தயவில் ஷெட்டில் நிற்கின்றன. பெயிண்ட் புதிதாக இருக்கிறது, சீட் புதிதாக இருக்கிறது. பீடிங் மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. நான் பார்த்தவரை, இப்படிக் கெட்டுப்போன பட்டைகளில் பல வெயிலாலும் மழையாலும் கெட்டவை இல்லை. பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்தவர்கள் கையால் கெட்டவை. ஏன் அப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த உலோகத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் விஞ்ஞான முசே 'அலுமினியோம்' என்றுதான் சொல்வார். சொந்த ஊர்ப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற பெருமை அதில் இருக்கும். அதற்குக் காரணமும் உண்டு. 1825-இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் என்பவர் அலுமினியத்தை முதலில் பிரித்தெடுத்தாலும், அதைக் கட்டியாகச் செய்யும் வழியை 1854-இல் கண்டுபிடித்தவர் ஆன்ரி சேன்த்-கிளேர் டெவில் என்ற பிரெஞ்சுக்காரர். மறு வருடமே பாரிஸ் பொருட்காட்சியில் அது வைக்கப்பட்டது. களிமண்ணிலிருந்து வந்த வெள்ளி என்று ஜனங்கள் வியந்து பார்த்தார்கள். இலேசான உலோகம் ராணுவத்துக்குப் பயன்படும் என்று மூன்றாம் நெப்போலியன் அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தார். ஜூல் வெர்ன் 1865-இல் எழுதிய நாவலில் சந்திரனுக்கு அனுப்பும் குண்டை அலுமினியத்தில்தான் செய்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அதை வாசித்தபோது, எங்கள் வீட்டுச் சோற்றுப் பானையும் அதே உலோகம்தானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

சந்திர மண்டலத்திலிருந்து அடுப்படிக்கு அதை இறக்கியவர்கள் இரண்டு இளைஞர்கள். பிரான்சில் போல் எரூ, அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹால். ஒருவரை ஒருவர் அறியாமலே, 1886-இல் இருவரும் மின்சாரத்தால் அலுமினியம் எடுக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். இன்னொரு வேடிக்கை, இருவரும் பிறந்தது 1863-இல்; இறந்தது 1914-இல். அதன் பிறகு விலை மளமளவென்று சரிந்தது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. எழும்பூரில் இருந்த ஓவியக் கல்லூரியை, அந்நாளில் 'ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ்', ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற எஞ்ஜினியர் நிர்வகித்து வந்தார். நலிந்துவந்த பித்தளைத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க, 1898-இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். தகடு வெளிநாட்டிலிருந்து வந்தது. தட்டி உருவாக்கிய கை நம்முடையது. தொழில் நிலைபெற்றதும் 1903-இல் அது தனியார் கையில் ஒப்படைக்கப்பட்டது. நம் பாட்டிமார் அடுப்பில் ஏறிய அலுமினியப் பானைக்குப் பூர்வீகம் எழும்பூர் என்றே சொல்லலாம். உலோகத்தையே இங்கு எடுக்கத் தொடங்கியது பிற்பாடு: 1943-இல் ஆலுவாய்க்கு அருகிலும், 1965-இல் நம் மேட்டூரிலும். மேட்டூருக்குத் தாதுக்கல் ஏற்காட்டு மலையிலிருந்து வந்தது.

இப்போது காரின் பட்டைக்கு வருவோம். அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன் மேல் ஒரு தோலைப் போர்த்திக்கொள்ளும். ஆக்ஸைடு என்கிற இந்தத் தோல் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. அதுதான் இரும்பைப் போல் துருப்பிடித்து உதிராமல் அதைக் காப்பாற்றுகிறது. ஆனால் உப்புக் காற்றுக்கு அது போதாது. கடல் விமானங்களின் பாகங்கள் உப்புநீரில் அரித்துப்போவதைத் தடுக்க, 1923-இல் இங்கிலாந்தில் ஒரு வழி கண்டார்கள். அமிலத் தொட்டியில் உலோகத்தை முக்கி மின்சாரம் பாய்ச்சினால் அந்த இயற்கைத் தோலே பல நூறு மடங்கு தடிக்கிறது. இதற்கு 'அனோடைசிங்' என்று பெயர். 1927-இல் கந்தக அமிலத்தை வைத்துச் செய்யும் முறை வந்தது. இன்று வரை பெரும்பாலும் அதுதான்.

கார் கம்பெனிகள் இதை விரும்பி எடுத்துக்கொண்டன. குரோமியம் முலாம் என்றால் பொதுவாக அடியில் செம்பு, அதன் மேல் நிக்கல், அதற்கும் மேல் குரோமியம் என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். 1950-53 கொரிய யுத்தத்தின்போது நிக்கலுக்குத் தட்டுப்பாடு வேறு. அலுமினியமோ எடை குறைவு; அச்சில் தள்ளினால் வேண்டிய வடிவத்தில் நீளமாக வரும்; பளபளப்பாக்கி அனோடைஸ் செய்தால் வேலை முடிந்தது. அறுபதுகளின் கார்கள் பலவற்றில் பம்பர் முலாம் பூசிய இரும்பாகவும், பீடிங்கும் கிரில்லும் அலுமினியமாகவும் இருப்பது இதனால்தான்.

சென்னையிலும் ஒரு கார் கம்பெனி இருந்ததை இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, வண்டலூருக்கு அருகே தொழிற்சாலை வைத்திருந்தது. 1961-இல் ஹெரால்டு வந்தது. இத்தாலியரான மிகெலோட்டி வரைந்த உருவம் அது. இங்கிலாந்தில் அதற்கு இரண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு உலகத்திலேயே நம் வண்டலூரில் மட்டும்தான் தயாரானது. பிறகு கெஸல் வந்தது, 1977-இல் நின்றது. எண்பதுகளில் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு கடைசி முயற்சி நடந்தது. அதோடு கதவடைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இன்று ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. நாலு கதவு ஹெரால்டின் பின்கதவு பீடிங்கை லண்டனில் தேடியும் பயனில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

எங்கள் தெருவில் ஒருவர் தம் அப்பாவின் ஹெரால்டைப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தார். பட்டைகளைக் கழற்றி ஒரு பாலிஷ் பட்டறைக்கு அனுப்பினார்கள். அவர்கள் எமரி போட்டு இழைத்து, பஃப் அடித்துக் கண்ணாடி மாதிரி கொடுத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஐப்பசி மழை ஒன்று போயிற்று. தை பிறப்பதற்குள் பட்டை முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்துவிட்டது. "அறுபது வருஷம் தாங்கினது, மூணு மாசம் தாங்கலையே சார்" என்று அவர் கேட்டார். அறுபது வருடம் தாங்கியது அந்தத் தோல். பஃப் சக்கரத்தில் போனது உலோகத்தின் அழுக்கு மட்டுமில்லை, அந்தத் தோலும்தான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். அவ்வளவுதான் அதன் ஆஸ்தி. கடல் நாலைந்து கிலோமீட்டரில் இருக்கிற நம் பேட்டையில் வெறும் அலுமினியம் உப்புக் காற்றுக்கு ஈடுகொடுக்காது.

ஆகவே முதலில் உங்கள் பட்டை எது என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் அது அலுமினியம் இல்லை. ஒட்டாவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். எவர்சில்வரில் சில வகைக்கும் காந்தம் ஒட்டாது. கழற்றிக் கையில் எடுத்தால் எடை சொல்லிவிடும். அலுமினியம் எவர்சில்வரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

தோல் இன்னும் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. மறைவான ஓரத்தில் பாலிஷ் தொட்ட வெள்ளைத் துணியால் மெல்லத் தேயுங்கள். துணி கறுத்தால் தோல் போய்விட்டது. வெறும் உலோகம் வெளியே நிற்கிறது. கறுக்காவிட்டால் நீங்கள் பாக்கியசாலி, மேற்கொண்டு தேய்க்காதீர்கள். மிதமான ஷாம்பூ நீரில் கழுவி, துடைத்து, கார்நௌபா மெழுகு பூசினால் போதும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் கிண்ணத்துக்கு விபூதி என்று பழகிய கை இங்கே கொஞ்சம் அடங்க வேண்டும். புளியின் அமிலமும் ஆகாது, சோடாவின் காரமும் ஆகாது. பக்கத்து மனையில் கட்டடம் எழும்பினால் சிமெண்ட் தண்ணீர் சொட்டாமல் காரை நகர்த்தி நிறுத்துங்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் இந்தத் தோலைக் கரைத்துவிடும்.

புள்ளி விழுந்து கெட்டுவிட்ட பட்டையை மீட்கவும் வழி உண்டு. மிச்சமிருக்கும் தோலைக் காஸ்டிக் சோடா கரைசலில் எடுக்க வேண்டும். பொங்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கண்ணையும் கையையும் பொசுக்கும். நம் வயதில் வீட்டுக் கொல்லையில் செய்கிற வேலை இல்லை, பட்டறையில் கொடுங்கள். பிறகு நெளிவை, அடியில் மரக்கட்டை வைத்துப் பின்பக்கத்திலிருந்து சின்ன மரச்சுத்தியால் தட்டி எடுப்பார்கள். முன்னும் பின்னுமாக வளைத்தால் அலுமினியம் விறைத்து ஒடிந்துவிடும். அதற்குப் பின் 400, 800, 1500 என்று நுண்மை கூடும் எமரித் தாளால் தண்ணீர் விட்டு இழைத்து, பஃப். அங்கே நின்றுவிடுவதுதான் பலரும் செய்வது. அதற்கும் பிறகு அனோடைசிங் பட்டறைக்குப் போக வேண்டும். அம்பத்தூர்ப் பக்கம் இவை உண்டு. நிறமில்லாமல் பளபளப்பாக வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். பழைய உலோகம் என்பதால் லேசான சாம்பல் சாயல் வரலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். லாக்கர் அடித்துத் தருகிறேன் என்பார்கள். சில வருடத்தில் அதன் அடியில் புழு ஊர்ந்த மாதிரி அரிப்புக் கோடு போகும்.

கழற்றும்போதும் பூட்டும்போதும் இரண்டு விஷயம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். துணி சுற்றிய மரச் சிம்பு போதும். எது எந்தக் கதவு என்று கோப்புக்குப் பக்க எண் போடுவது போல ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டிவிடுங்கள். இரும்புக் கிளிப் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அங்கிருந்துதான் அரிப்பு புறப்படும். நடுவில் நைலான் வாஷர் வையுங்கள், அல்லது கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த கார், மூல வடிவம் மாறாமல் இருந்தால் 'வின்டேஜ்' என்று தனிப் பதிவு பெறலாம். ஹெரால்டுகள் எல்லாம் அந்த வயதைத் தாண்டிவிட்டன. கெஸல்களும் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. ஷெட்டில் தாத்தா கார் நிற்கிற வீடுகளில், பெயிண்டுக்குக் கொடுக்கும் முன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: பட்டையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும், பாலிஷ் சக்கரத்துக்கு அனுப்ப வேண்டாம்.